போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தக் கேட்பது பழமைவாதிக்கு முரணா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கஞ்சா வழக்குகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மைக் காலமாக வெளிவரும் வாசகர் கடிதங்களை விடாமல் படித்து வருகிறேன். பிடிபட்டவர் எவராயினும் ஜாமீன் கூடாது, தண்டனையை இன்னும் கூட்ட வேண்டும் என்று எழுதுவோர் தங்களைப் பண்பாட்டின் காவலர்களாகக் கருதுகிறார்கள். சட்டத்தைத் தளர்த்தக் கோருவோரை முற்போக்கினர் என்று இவர்கள் குறிப்பிட, அவர்களும் அதை மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்கிறார்கள். இந்தப் பாகுபாட்டில் எனக்கு இடமில்லை. குடும்பம், கோயில், ஊர்க் கட்டுப்பாடு, பெரியவர்களின் சொல் ஆகியவை அரசாணைகளைவிட மனிதனை நன்றாகத் திருத்தும் என்று நம்புகிற பழமைவாதி நான். போதையை எந்த வடிவிலும் வெறுப்பவன். சிறு அளவில் தன் உபயோகத்துக்காகப் போதைப்பொருள் வைத்திருப்பவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதை நிறுத்தும்படி, 1985-ஆம் ஆண்டின் போதைப் பொருள்கள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்ற முடிவுக்கு நான் வந்தது அந்த நம்பிக்கையின் வழியாகத்தான்.

பழமைவாதம் என்பதைப் பலர் கடுமை என்றே புரிந்துகொண்டிருக்கிறார்கள். அரசியல் சிந்தனையில் அதற்கு வேறு பொருள் உண்டு. நெடுங்காலப் பழக்கத்தில் தேறி நின்ற நியதிகளை எளிதில் கைவிடாமை, ஒரு சட்டத்தால் ஒரு தலைமுறைக்குள் சமூகத்தைத் தூய்மையாக்கிவிடலாம் என்னும் திட்டங்களை ஐயத்தோடு பார்த்தல், அரசின் கையில் சேரும் அதிகாரம் நல்ல நோக்கத்தோடு சேர்ந்தாலும் அஞ்சுதல் ஆகியவையே அதன் அடிப்படை. பிரெஞ்சுப் புரட்சியைக் கண்டித்து 1790-இல் நூல் எழுதிய பிரிட்டிஷ் அரசியல் சிந்தனையாளர் எட்மண்ட் பர்க், மாறிக்கொள்ள வழியில்லாத அரசு தன்னைக் காத்துக்கொள்ளவும் வழியற்றது என்று அதே நூலில் எழுதினார். இந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால், நம் போதைப்பொருள் சட்டம் மரபைக் காக்க வந்த சட்டமாக எனக்குத் தோன்றவில்லை. மரபை ஒரே வீச்சில் முறித்துக்கொண்டு வந்த சட்டமாகவே அது தோன்றுகிறது.

1985-க்கு முன் இந்த நாட்டில் போதைப்பொருளுக்குச் சட்டமே இல்லை என்று நினைப்பவர்கள் உண்டு. 1857, 1878 ஆகிய ஆண்டுகளின் அபின் சட்டங்களும், 1930-இன் அபாயகரமான மருந்துகள் சட்டமும் இருந்தன. அவற்றின்படி அதிகபட்சத் தண்டனை முதல் குற்றத்துக்கு 3 ஆண்டு, மீண்டும் செய்தால் 4 ஆண்டு. அதற்கும் முன்பு, இந்தப் பொருளில் இதுவரை நடந்த விசாரணைகளில் மிகப் பெரியவற்றுள் ஒன்று நம் மண்ணிலேயே நடந்தது. இந்தியாவில் கஞ்சா மக்களைப் பைத்தியமாக்குகிறது, அதைத் தடை செய்ய வேண்டும் என்ற குரல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எழுந்ததையடுத்து, 1893-இல் இந்திய சணல் (அதாவது கஞ்சாச் செடி) போதைப்பொருள் ஆணையம் அமைக்கப்பட்டது. மேக்வொர்த் யங் தலைமையில் மூன்று இந்தியர் உட்பட ஏழு உறுப்பினர்கள் இருந்தனர். அவர்கள் மாகாணம் மாகாணமாகச் சென்று, மருத்துவர், ஆட்சியர், விவசாயி, துறவி என ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் சாட்சியம் பெற்று, மனநல விடுதிகளின் பதிவேடுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, 1894-இல் பல தொகுதிகள் கொண்ட அறிக்கையை அளித்தனர்.

அந்த அறிக்கையைப் படிக்கும் எவரும் அதை எழுதியவர்களைக் கிளர்ச்சிக்காரர்கள் என்று சொல்ல முடியாது. பேரரசின் ஒழுங்கைக் காப்பதையே தொழிலாகக் கொண்ட அதிகாரிகள் அவர்கள். அளவோடு உபயோகிப்போருக்குப் பெரிய தீங்கு நேர்வதாகச் சான்றில்லை, அளவு மீறியோருக்கே தீங்கு நேர்கிறது என்று அவர்கள் கண்டனர். முழுத் தடை தேவையில்லை, உரிமமும் வரியும் கொண்டு கட்டுப்படுத்துவதே போதும் என்று பரிந்துரைத்தனர். தடை செய்தால் மக்கள் இதைவிடக் கொடிய பொருள்களை நாடக்கூடும் என்றும் எச்சரித்தனர். வலி நிவாரணி மாத்திரைகளைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் இளைஞர்களைப் பற்றி இன்று நம் செய்தித்தாள்களில் வரும் செய்திகளைப் படிக்கும்போது, நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய அந்த எச்சரிக்கையை நான் நினைத்துக்கொள்கிறேன். அதன் மருத்துவ முடிவுகள் அனைத்தும் இன்றைய அறிவுக்குப் பொருந்தும் என்று நான் வாதிடவில்லை. இளம் வயதில் கஞ்சா பிடிப்பவருக்கு மனநோய் வரும் அபாயத்தைப் பற்றி இன்று நமக்குக் கூடுதலாகத் தெரியும். நான் மதிப்பது அந்த முறையை. முதலில் கேட்டார்கள், பிறகு எண்ணிப் பார்த்தார்கள், கடைசியாகத்தான் விதியைப் பற்றிப் பேசினார்கள்.

1985-இல் நடந்தது இதற்கு நேர்மாறு. ஆகஸ்ட் 23-இல் மக்களவையில் மசோதா அறிமுகமானது. செப்டம்பர் 16-இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. நவம்பர் 14-இல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மூன்றாண்டு என்பதை அதிகபட்சமாகக் கொண்டிருந்த நாட்டில், ஹெராயின், அபின் போன்றவற்றுக்குக் குறைந்தபட்சத் தண்டனையே 10 ஆண்டு என்றாயிற்று. கடத்தல்காரனையும் நோயாளியையும் பிரித்துக் காட்டும் அளவு வரம்புகள் தண்டனைப் பிரிவுகளில் இடம்பெறவில்லை. சிறு அளவு தன் உபயோகத்துக்குத்தான் என்று மெய்ப்பிக்கும் பொறுப்பும் பிடிபட்டவர் தலையிலேயே ஏற்றப்பட்டது. மெய்ப்பிக்க முடியாதவர் பத்தாண்டைச் சந்திக்க வேண்டியிருந்தது. 1989-இல் சில மறுகுற்றங்களுக்குக் கட்டாய மரண தண்டனை புகுந்தது. சிறு அளவு, வணிக அளவு, இரண்டுக்கும் இடைப்பட்ட அளவு என்ற வேறுபாடு தண்டனையில் வருவதற்கு 2001 வரை, அதாவது 16 ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது.

இதே சட்டத்துக்குள் ஒரு விந்தையும் உண்டு. கஞ்சா என்பதற்கான வரையறையில், பூவும் காயும் கொண்ட நுனி மட்டும் சேர்க்கப்பட்டு, நுனியோடு சேராத இலையும் விதையும் விலக்கப்பட்டுள்ளன. அதனால்தான் வட மாநிலங்கள் சிலவற்றில், அந்த இலையை அரைத்துச் செய்யும் பாங்கு இன்றும் உரிமக் கடையில் விற்கப்படுகிறது. ஹோலிக்கும் சிவராத்திரிக்கும் பாங்கு அருந்தும் பழக்கத்தைச் சட்டத்தால் ஒழிக்க முடியாது, ஒழிக்க முனைவதும் நல்லதன்று என்று அன்றைய ஆட்சியாளர்கள் உணர்ந்திருக்கிறார்கள். நல்ல பழமைவாத விவேகம்தான். அது இலையோடு நின்றுவிட்டதே என்பதுதான் என் குறை.

நீதிமன்றத்தில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், சட்டத்தின் உட்கூறுகள் சிலவற்றை வாசகர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். குற்றம் மெய்ப்பிக்கப்படும் வரை ஒருவர் நிரபராதி என்பது நம் நீதிமுறை பல தலைமுறைகளாகப் போற்றிவரும் நியதி. இந்தச் சட்டத்தின் 35, 54 ஆகிய பிரிவுகள் அதைத் தலைகீழாக்குகின்றன. பொருள் கையில் இருந்தது என்று அரசுத் தரப்பு காட்டிவிட்டால், தமக்குக் குற்ற மனம், அதாவது தெரிந்தே குற்றம் செய்யும் எண்ணம், இல்லை என்பதை ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டியவர் குற்றம்சாட்டப்பட்டவரே. வணிக அளவு வழக்குகளில் 37-ஆவது பிரிவின்படி, இவர் குற்றவாளியல்லர் என நம்ப நியாயமான காரணம் உண்டு என்று விசாரணைக்கு முன்பே நீதிபதி மனநிறைவு கொண்டால்தான் ஜாமீன் வழங்க முடியும். புலனாய்வு அதிகாரிகளிடம் அளித்த வாக்குமூலத்தையே ஒப்புதல் சாட்சியமாக வைத்துத் தண்டிக்கும் வழக்கம் 35 ஆண்டுகள் நீடித்து, தமிழ்நாட்டிலிருந்து சென்ற தூஃபான் சிங் வழக்கில்தான் 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மைத் தீர்ப்பால் முடிவுக்கு வந்தது. சாட்சியச் சட்டம் காவல் அதிகாரியிடம் அளிக்கும் ஒப்புதலை ஏற்காமல் வைத்திருந்ததற்கான காரணங்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேலான அனுபவத்தில் விளைந்தவை. போதைப்பொருள் என்ற ஒரு சொல்லைக் கேட்டவுடன் அவற்றை ஓரங்கட்ட முன்வந்தவர்கள், மரபைக் காப்பதாகச் சொல்லிக்கொள்வது எனக்கு விளங்கவில்லை.

எடை விஷயத்தைப் பாருங்கள். ஹெராயினில் 5 கிராம் வரை சிறு அளவு. அதற்கு ஓராண்டு வரை சிறை. 6 கிராம் ஆனால் பத்தாண்டு வரை போகலாம். கலப்படம் செய்த பொருளில் தூய போதைப்பொருளின் எடையை மட்டும் பார்க்க வேண்டும் என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. 2020 ஏப்ரலில் ஹீரா சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு, கலந்த பொருள் முழுவதன் எடையே கணக்கு என்று மாற்றியது. மாவு கலந்த மட்டமான பவுடரை வாங்கும் ஏழை அடிமைக்கு அதிகத் தண்டனையும், தூய சரக்கைக் கொஞ்சமாக வைத்திருக்கும் பணக்காரருக்குக் குறைந்த தண்டனையும் கிடைக்க இது வழி செய்கிறது. தீர்ப்பு சட்டத்தின் சொற்களுக்கு உட்பட்டதாக இருக்கலாம்; அந்தச் சொற்களைத் திருத்துவது நாடாளுமன்றத்தின் வேலை.

அவசரமாக எழுதி அடிக்கடி ஒட்டுப்போட்ட சட்டத்துக்கு என்ன நேரும் என்பதற்கு 2014 ஒரு பாடம். அந்த ஆண்டுத் திருத்தத்தில் ஒரு வரையறையின் வரிசை எண் மாறியது. அதைச் சுட்டும் 27ஏ பிரிவை மாற்ற மறந்துவிட்டார்கள். கடத்தலுக்கு நிதி கொடுப்போரைத் தண்டிக்கும் முதன்மைப் பிரிவு அது. திரிபுரா உயர் நீதிமன்றம் 2021-இல் சுட்டிக்காட்டும் வரை, ஏழாண்டுகள், அது சுட்டிய இடத்தில் அந்த வரையறை இல்லை. பிறகு அவசரச் சட்டமும் திருத்தச் சட்டமும் வந்து 2014 மே மாதத்திலிருந்தே செல்லும்படி முன்தேதியிட்டுச் சரிசெய்யப்பட்டது. குற்றவியல் சட்டத்தை முன்தேதிக்கு இழுப்பதைப் பார்த்தும் பதறாத ஒருவரைப் பழமைவாதி என்று நான் அழைக்க மாட்டேன்.

எதிர்பாராத விளைவுகளைக் குறித்த எச்சரிக்கை பழமைவாதச் சிந்தனையின் உயிர்நாடி. அதற்கு இந்தச் சட்டம் தந்த சான்று புற்றுநோயாளிகளின் படுக்கையருகே இருக்கிறது. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசு உரிமத்தோடு அபின் பயிரிடப்படுகிறது. நீமச்சிலும் காஜிப்பூரிலும் அரசு ஆலைகள் அதைப் பதப்படுத்துகின்றன. உலகின் மருந்துத் தொழிலுக்கு இந்தியா அதை ஏற்றுமதி செய்கிறது. அப்படிப்பட்ட நாட்டில், 1985-க்குப் பிந்தைய பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அபினிலிருந்து எடுக்கப்படும் வலி நிவாரணியான மார்ஃபினின் மருத்துவ உபயோகம் படுவீழ்ச்சி அடைந்தது. சட்டம் மருத்துவ உபயோகத்தைத் தடை செய்யவில்லை. ஆனால் ஒரே மருந்துக்கு வெவ்வேறு துறைகளிடம் வெவ்வேறு காலவரம்புள்ள பல உரிமங்கள் வாங்க வேண்டும், எழுத்துப் பிழை நேர்ந்தால் பத்தாண்டு சிறை என்ற நிலையில், மருத்துவமனைகளும் மருந்தகங்களும் மார்ஃபினை வாங்குவதையே விட்டுவிட்டன. கேரளத்தின் வலி நிவாரண இயக்கத்தினர் உள்ளிட்ட மருத்துவர்கள் பல ஆண்டுகள் போராடிய பிறகே 2014 திருத்தம் வந்து உரிம முறையை எளிதாக்கியது. இடைப்பட்ட ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் வலியால் கதறி இறந்தவர்களை எந்தப் பதிவேடும் கணக்கிடவில்லை. கடுமையை மட்டும் அளவுகோலாகக் கொண்டு சட்டத்தைப் பாராட்டுவோர் இந்தப் பக்கத்தையும் ஒருமுறை பார்க்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், அதே 2014 திருத்தம்தான் சிறு அளவுக்கான சிறைத் தண்டனையை ஆறு மாதத்திலிருந்து ஓராண்டாக இரட்டிப்பாக்கியது.

நம் மரபு போதையை எப்படிப் பார்த்தது என்று கேட்பீர்களானால், கள்ளுண்ணாமை அதிகாரத்தைக் காட்டுகிறேன். வள்ளுவர் அங்கே குடிப்பவனை மன்னனிடம் ஒப்படைக்கவில்லை. 'உண்ணற்க கள்ளை உணில்உண்க சான்றோரான் எண்ணப் படவேண்டா தார்' என்கிறார். பெற்ற தாயின் முகத்தையும், நாணம் என்னும் நல்லாளையும், ஊராரின் நகைப்பையும் முன்நிறுத்துகிறார். மன்னனின் தண்டனையைப் பற்றிப் பேச வேண்டிய இடம் வேறு. அங்கே 'கடிதோச்சி மெல்ல எறிக' என்று கையைப் பிடிக்கிறார். தாயும் ஊரும் செய்ய வேண்டிய வேலையைச் சிறைக் காவலர் செய்ய முடியாது என்பதுதான் பழமைவாதி குடும்பத்துக்குத் தரும் மதிப்பின் பொருள். பொட்டலத்தோடு பிடிபட்ட 20 வயது மகன் ஒருமுறை சிறைக்குப் போய்விட்டால், வேலைக்கான நன்னடத்தைச் சான்றும், திருமணமும், தந்தை தலைநிமிர்ந்து தெருவில் நடப்பதும் போய்விடுகின்றன. சிறையில் அவனுக்குக் கிடைக்கும் அறிமுகங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை நான் புறக்கணிக்கவில்லை. சட்டம் தண்டிப்பதோடு நிற்பதில்லை, கற்பிக்கவும் செய்கிறது. தடை நீங்கினால் விலை குறையும், கிடைப்பது எளிதாகும், வெட்கம் போய்விடும் என்று அமெரிக்காவில் ஜேம்ஸ் க்யூ. வில்சன் போன்ற அரசியல் அறிஞர்கள் வாதிட்டனர். விற்பனையைப் பொறுத்தவரை நான் அவர்கள் பக்கம். கஞ்சாவை அரசே கடை வைத்து விற்கலாம், வரியும் கிடைக்கும் என்று சில நண்பர்கள் எழுதுகிறார்கள். 2003-இல் மதுச் சில்லறை விற்பனையை டாஸ்மாக் கையில் எடுத்த பிறகு எந்தக் கட்சி வந்தாலும் அந்த வருவாயை விட முடியாமல் தவிப்பதைப் பார்த்த தமிழர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. விற்பவரைத் தண்டிப்பதும், உபயோகிப்பவரைச் சிகிச்சைக்கு அனுப்புவதும் ஒன்றோடொன்று முரண்படுவன அல்ல.

போர்ச்சுகல் 2001-இல் இதைத்தான் செய்தது. பத்து நாள் உபயோகத்துக்கு உட்பட்ட அளவு குற்றமாக இல்லாமல் நிர்வாக மீறலாயிற்று. பிடிபட்டவர் நீதிமன்றத்துக்குப் பதிலாக, சட்டம், மருத்துவம், சமூகப்பணி அறிந்தவர்களின் சிறு குழுவின் முன் நிறுத்தப்பட்டார். விற்பனை குற்றமாகவே நீடித்தது. அந்நாட்டு வலதுசாரிகள் அன்று கடுமையாக எதிர்த்தனர். ஆனால் அடுத்த ஆண்டே அவர்களின் கூட்டணி ஆட்சிக்கு வந்தபோது அச்சட்டத்தை நீக்கவில்லை. நடைமுறையில் இயங்குவதைக் கலைக்காமல் விட்டது அவர்களின் நிதானம். இதற்கு மாறாக, அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2020-இல் வாக்கெடுப்பு நடத்தி, 2021 பிப்ரவரியிலேயே எல்லாப் போதைப்பொருள்களையும் சிறு அளவில் வைத்திருப்பதற்கான தண்டனையை நீக்கி, 100 டாலர் அபராதச் சீட்டோடு நிறுத்திக்கொண்டது. சிகிச்சைக்கான பணமும் மையங்களும் சேர்வதற்கு முன்பே தண்டனை போய்விட்டது. பொது இடங்களில் உபயோகம் மக்களைச் சலிப்படையச் செய்தது. 2024 செப்டம்பர் 1 முதல் மீண்டும் குற்றமாக்கப்பட்டது. திருத்தத்தை எதிர்ப்போர் ஓரிகனை மட்டும் காட்டுகிறார்கள், ஆதரிப்போர் போர்ச்சுகலை மட்டும் காட்டுகிறார்கள். இரண்டையும் அருகருகே வைத்தால், எதை முதலில் செய்வது, எதைப் பின்னால் செய்வது என்ற வரிசைதான் வேறுபாடு என்பது புலப்படும். அமெரிக்கப் பழமைவாதத்தின் மூத்த குரலான வில்லியம் பக்லியின் இதழ், போதைப்பொருள் மீதான போர் தோற்றுவிட்டது என்று 1996-லேயே வெளிப்படையாக எழுதியதையும், குடியரசுக் கட்சியின் கோட்டையான டெக்சாஸ் 2007-இல் புதிய சிறைகளைக் கட்டுவதற்குப் பதிலாகச் சிகிச்சைக்குப் பணம் ஒதுக்கியதையும் இங்கே கூடுதலாகக் குறிப்பிடுகிறேன்.

வரிசை என்றவுடன் எங்கள் சேலத்துக்காரர்களுக்கு ராஜாஜி நினைவுக்கு வருவார். சுதந்திரா கட்சியைத் தொடங்கிய, இந்தியப் பழமைவாதத்தின் தலைமகனான அவர், 1937 அக்டோபர் 1-இல் மதுவிலக்கைச் சேலம் மாவட்டத்தில் மட்டும் தொடங்கினார். அடுத்த ஆண்டு சித்தூருக்கும் கடப்பைக்கும், அதற்கடுத்த ஆண்டு வட ஆர்க்காட்டுக்கும் விரித்தார். வருவாய் இழப்பை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரியைக் கொண்டுவந்தார். மதுவிலக்கின் பிற்காலக் கதை, கள்ளச்சாராயத்தையும் மரணங்களையும் சேர்த்து, எல்லோரும் அறிந்ததே. அவரது நோக்கத்தைப் பற்றிக் கருத்து வேறுபாடு கொள்ளலாம். ஒரு மாவட்டத்தில் பார்த்து, பிறகு அடுத்ததற்குச் செல்லும் அவருடைய முறையைப் பற்றி வேறுபாடு கொள்ள எனக்குக் காரணம் தெரியவில்லை.

அந்த முறையிலேயே இதைச் செய்யலாம். சிறு அளவையும் தன் உபயோகத்தையும் குற்றத்திலிருந்து நிர்வாக மீறலாக மாற்றி, ஓர் அரசு மருத்துவரும் சட்டம் அறிந்த ஒருவரும் சமூகப்பணியாளர் ஒருவரும் கொண்ட மாவட்டக் குழுவின் முன் அனுப்பும்படி, உபயோகிப்பவரைத் தண்டிக்கும் 27-ஆவது பிரிவையும் அதைச் சார்ந்தவற்றையும் நாடாளுமன்றம் திருத்த வேண்டும். விரும்பும் மாநிலங்கள் சில மாவட்டங்களில் ஐந்தாண்டு நடத்திப் பார்க்க இடம் தர வேண்டும். எடையைத் தூய பொருளின் எடையாகக் கணக்கிட வேண்டும். குற்ற மனத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பை அரசுத் தரப்புக்கே திருப்பித் தர வேண்டும். கடத்துவோர், விற்போர், நிதி கொடுப்போர் மீதான தண்டனைகளில் ஒன்றையும் குறைக்கும்படி நான் கேட்கவில்லை.

இவற்றுக்கு டெல்லி இறங்கி வரும் வரை தமிழ்நாடு அரசு காத்திருக்க வேண்டியதில்லை. தானே முன்வந்து சிகிச்சை பெறும் அடிமைகளுக்குச் சிறு அளவு வழக்குகளில் விலக்களிக்கும் 64ஏ பிரிவும், சிகிச்சைக்காக நன்னடத்தை விடுவிப்பு வழங்கும் 39-ஆவது பிரிவும் சட்டத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. நான் பணியிலிருந்த காலத்தில் அவற்றைக் கேட்டு மனுப் போட்டவர்களைக் கண்டது அரிது. அப்படி ஒன்று இருப்பதே பிடிபட்டவரின் குடும்பத்துக்குத் தெரியாது. மத்திய அரசு 2019-இல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வின்படி, சட்டவிரோதப் போதைப்பொருளுக்கு அடிமையானவர்களில் சிறு பகுதியினருக்குத்தான் சிகிச்சை கிடைக்கிறது. ஒவ்வொரு காவல் நிலையத்திலும் கைதுக் குறிப்பாணையோடு 64ஏ பிரிவைத் தமிழில் அச்சிட்ட தாளைக் குடும்பத்தாரிடம் கொடுப்பதற்கும், மாவட்டத் தலைமை மருத்துவமனையில் அதற்கென ஒரு மருத்துவரை நியமித்து அவர் பெயரையும் நேரத்தையும் அந்தத் தாளிலேயே போடுவதற்கும் ஓர் அரசாணை போதும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற நீதிமன்ற ஊழியர்,
சேலம்.